டர்பனில் கடைக்கு ஏ.சி. வைக்கிறீர்களா? மெஷினைக் கடைசியில் வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய இசிப்பிங்கோவில் இருக்கும் எங்கள் இனிப்புக் கடையின் பின்கட்டில் நான்கு அவுட்டோர் யூனிட்டுகள் பதினான்கு வாரம் பெட்டி பிரிக்காமலே கிடந்தன. முறுக்கு டின்களை அடுக்கி வைக்க வசதியாக இருந்தது என்பதைத் தவிர அவற்றால் ஒரு பயனும் இல்லை. பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. கூரையில் ஏற்ற அனுமதி இல்லை, ஓட்ட மும்முனை மின்சாரம் இல்லை, கையெழுத்துப் போடத் தகுதியான எலக்ட்ரீஷியனும் இல்லை. தென்காசியிலிருந்து போனில் கேட்ட என் மாமனார் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "தொழுவம் கட்டாமல் யாராவது மாடு வாங்குவார்களா, மாப்பிள்ளை?"

கடை, உணவகம், அலுவலகம், கல்யாண மண்டபம் என்று எதையாவது புதிதாகத் தொடங்கி, வெளியே பெரிய அவுட்டோர் யூனிட் வைக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுப் படுக்கையறைக்கு ஒரு ஸ்பிளிட் மாட்டுவது வேறு கதை. அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. நாங்கள் செய்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் கிடைக்கும் சரியான வரிசைதான் கீழே இருக்கிறது.

1. கூரை யாருடையது?

வாடகைக் கடை என்றால் கூரை உங்களுடையது இல்லை என்பது தெரிந்ததுதான். கடையைச் சொந்தமாக வாங்கியவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பல கடைகள் சேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர் உள்ள செக்‌ஷனல் டைட்டில் வளாகத்தில் கூரையும் வெளிச்சுவரும் பொதுச்சொத்து. அங்கே ஒரு போல்ட் அடிப்பதானாலும் பாடி கார்ப்பரேட்டின் (உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு) எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். டிரஸ்டிகளின் கூட்டம் மாதத்துக்கு ஒருமுறை நடந்தாலே அதிகம். அதனால் மேனேஜிங் ஏஜென்டிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். எங்கள் கட்டட உரிமையாளர் போனில், "தாராளமாகச் செய்யுங்கள்" என்றார். கூரையில் துளை போடப்போகிறோம் என்று தெரிந்ததும் அந்தத் தாராளம் சுருங்கிவிட்டது. நீர்க்கசிவுத் தடுப்பு செய்தவர்கள் கொடுத்திருந்த உத்தரவாதத்தில், வேறு யார் துளையிட்டாலும் உத்தரவாதம் செல்லாது என்று ஒரு வரி இருந்தது. அவர் மேல் தவறில்லை. நாங்கள்தான் முன்பே கேட்டிருக்க வேண்டும். கடைசியில் அதே ஆட்களையே அழைத்து, துளைகளைச் சுற்றி அடைக்க வைத்து, அதற்கும் பணம் கொடுத்தோம்.

அனுமதிக் கடிதத்தில் இவையெல்லாம் இருக்க வேண்டும்: எத்தனை யூனிட்டுகள், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, கூரையில் எந்த இடம், குழாயும் கேபிளும் எந்த வழியாக இறங்கும், துளைகளை யார் அடைப்பார்கள், கூரைச் சாவி யாரிடம், எந்த நேரத்தில் ஏறலாம், வாடகை முடிந்தால் யூனிட்டுகள் யாருக்குச் சொந்தம். கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் கூச்சத்தோடு சண்டையும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் யூனிட் ஒன்று ஏறக்குறைய 95 கிலோ. நான்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால் அரை டன்னை நெருங்கும். அந்த எடையைக் கூரை தாங்கும் என்று பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். தகரக் கூரையாக இருந்தால் யூனிட் தகரத்தின் மேல் உட்காரவே கூடாது. சட்டத்தின் கால்கள் கீழே உள்ள உத்தரத்திலோ சுவரிலோ இறங்க வேண்டும். கட்டடப் பணிகளை ஆள்வது 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் சட்டம். உங்கள் வேலைக்கு வரைபட அனுமதி தேவையா என்று நகராட்சிக் கட்டட ஆய்வாளரிடம் ஈமெயிலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

2. கரண்ட் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

ஏ.சி. விற்பவர் "நாற்பத்தெட்டாயிரம் பி.டி.யு." என்பார். பி.டி.யு. என்பது குளிர்ச்சியின் அளவு; ஏ.சி. கணக்கில் 12,000 பி.டி.யு. ஒரு டன், அது 3.5 கிலோவாட் குளிர்ச்சி. ஆக நாற்பத்தெட்டாயிரம் என்பது 14 கிலோவாட். இது யூனிட் உறிஞ்சும் மின்சாரம் அல்ல, தரும் குளிர்ச்சி. உறிஞ்சுவது எவ்வளவு என்பது யூனிட்டின் பெயர்ப்பலகையில் இருக்கும். எங்களுடையதில் 4.5 கிலோவாட். நான்குக்கு 18.

எங்கள் கடைக்கு அப்போது இருந்தது ஒருமுனை இணைப்பு, 60 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 13.8 கே.வி.ஏ., அதாவது அதிகபட்சம் 13.8 கிலோவாட். அடுப்பு, ஃபிரிட்ஜ், மாவரைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் நிறுத்தினாலும் நான்கு யூனிட் ஓடாது. மும்முனை 400 வோல்ட்டில் அதே நான்கும் சேர்ந்து முனைக்கு 29 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். அதனால் 14 கிலோவாட் அளவுள்ள யூனிட் என்றாலே மும்முனை இணைப்பு பற்றி யோசித்துவிடுங்கள்.

இணைப்பை உயர்த்த விண்ணப்பம், மதிப்பீடு, பணம் கட்டுதல், மீட்டர் மாற்றுதல் என்று வாரங்கள் ஓடும். எங்களுக்குப் பதினொரு வாரம் ஆயிற்று. அது எங்கள் பிழைதான். விண்ணப்பத்தையே யூனிட் வாங்கிய பிறகு போட்டோம். அதிலும் சுமையை எலக்ட்ரீஷியனிடம் கேட்காமல் நாங்களே உத்தேசமாக நிரப்பி, திரும்பி வந்து, மறுபடி போட்டோம். வாடகைக்காரர் விண்ணப்பித்தால் உரிமையாளரின் கையெழுத்தும் கேட்பார்கள். முதல் படியில் கடிதம் வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்கிவிட்டால் ஒரு நடை மிச்சம்.

3. யூனிட் மூச்சு விட இடம் இருக்கிறதா?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அவுட்டோர் யூனிட் செய்வது என்ன? கடைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் சூடாகி அதோடு வெளியே வருகிறது. 14-உம் 4.5-உம் சேர்த்தால் 18.5 கிலோவாட். ஜூலைக் குளிரில் காலடியில் வைத்துக்கொள்ளும் 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்பதை ஒரே பெட்டிக்குள் போட்டு விசிறியால் ஊதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூட்டை எடுத்துச் செல்ல வேறு எதுவும் இல்லை, காற்று மட்டும்தான். ஊதிய சூடான காற்றையே யூனிட் மறுபடி உள்ளே இழுத்தால், குழாயில் ஓடும் குளிர்விக்கும் கேஸின் அழுத்தம் ஏறும், மின்சாரம் அதிகம் தின்னும், கடைசியில் தானாக நின்றுவிடும். அதுவும் கடையில் கூட்டம் நிற்கும் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் நிற்கும்.

பின்புறம், பக்கவாட்டு, முன்புறம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒவ்வொரு யூனிட்டின் கையேட்டிலும் படம் போட்டிருப்பார்கள். ஒற்றை யூனிட்டுக்கு ஒரு படம், வரிசையாக வைத்தால் வேறு படம், எதிரே சுவர் இருந்தால் இன்னொரு படம். யூனிட் வாங்கும் முன்பே அந்தக் கையேட்டைப் பதிவிறக்கி, கூரைக்கு ஏறி, சாக்பீஸால் தரையில் கட்டம் போடுங்கள். நாங்கள் போட்டபோது நான்கு யூனிட்டும் அழகாக அடங்கின. நடந்து போக வழிதான் இல்லை. ரிப்பேருக்கு வருகிறவர் முன்பலகையைக் கழற்றி, உட்கார்ந்து வேலை செய்யவும் இடம் வேண்டும். ஒன்றின் விசிறி மற்றொன்றின் முதுகைப் பார்த்து ஊதும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் பார்த்த பல கூரைகளில் இந்தத் தவறு இருக்கிறது.

அடுத்தது திசை. டர்பன் கரையோரத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ, கரையை ஒட்டியபடி வீசும். பக்கவாட்டில் ஊதும் யூனிட்டின் முகத்தை இந்த இரண்டில் ஒன்றுக்கு நேராக வைத்தால் பலத்த காற்று நாளில் விசிறி காற்றோடு மல்லுக்கட்டும். குறுக்கே வையுங்கள். எங்களுடையவை வடமேற்கு பார்த்து நிற்கின்றன. கடல் அவற்றின் முதுகுப்பக்கம்.

கடல் என்றதும் உப்பு. சூட்டை வெளியேற்றும் காயிலில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கின்றன. உப்பும் ஈரமும் சேர்ந்தால் அந்த இரண்டு உலோகத்துக்கும் இடையே அரிப்பு தொடங்கி, அலுமினியம் மாவாக உதிரும். கடலோரத்தில் கடை என்றால் பூச்சுக் கொடுத்த காயில் உள்ள மாடலைக் கேளுங்கள். விலை கூடும், ஆனாலும் கொடுங்கள். சட்டத்துக்கும் போல்ட்டுக்கும் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ். பெயின்ட் மட்டும் அடித்த இரும்பு இரண்டு மழைக்காலம் தாங்காது. ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் இருப்பவர்களுக்கு உப்புத் தொல்லை இல்லை, வேறொன்று இருக்கிறது: அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த சூட்டைத்தான் எடுத்துப் போகும். உயரத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற அட்டவணையை விற்பவரிடம் கேளுங்கள்.

பிறகு சத்தம். ஒரே அளவு சத்தமுள்ள யூனிட் இரண்டானால் 3 டெசிபெல் கூடும், நான்கானால் 6. பகலில் சாலை இரைச்சலில் கரைந்துவிடும். இரவில் சாலை அடங்கியதும் பக்கத்து மாடிக் குடியிருப்புக்குக் கேட்கும். இங்குள்ள ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள், சுற்றுப்புற ஒலியைவிட 7 டெசிபெல் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் தொந்தரவான சத்தம் என்று கணக்கிடுகின்றன. யூனிட்டின் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே நல்ல ரப்பர் பேட் போடுங்கள். பழைய டயர்த் துண்டைப் போட வந்தவரை என் மைத்துனர் கீழே இறக்கி அனுப்பினார். மைத்துனர் சரியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று.

4. வேலைக்கு வருகிறவரின் அட்டையைப் பாருங்கள்

இரண்டு அட்டைகள். கேஸ் வேலை செய்பவரிடம் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் (கேஸ் வேலைக்காரர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) தரும் பதிவு அட்டை இருக்க வேண்டும். பெயர், காலாவதித் தேதி, எந்த வகை வேலைக்கு உரிமை என்பதைப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் அவர் வேண்டாம்.

மின்சாரம் பார்ப்பவர் தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இங்கேதான் நாங்கள் விழுந்தோம். எங்களிடம் வந்தவர் நல்ல வேலைக்காரர், பதிவும் உண்மையான பதிவுதான். ஆனால் அது ஒருமுனை இணைப்பைச் சோதிப்பவருக்கான பதிவு. மும்முனைக்கு அவர் கையெழுத்துச் செல்லாது. அதற்கு இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியனோ மாஸ்டர் இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியனோ வேண்டும். கேபிள் முழுவதும் இழுத்து முடித்த பிறகு, அவரே தயங்கித் தயங்கி இதைச் சொன்னார். இன்னொருவரை அழைத்தோம். அவர், தான் இழுக்காத கேபிளுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மூடிகளையெல்லாம் கழற்றி, முழுவதையும் முதலிலிருந்து சோதித்தார். அவர் செய்தது நியாயம். பணம் மட்டும் இரண்டு முறை போயிற்று.

இவற்றோடு நிறுவனத்திடம் இன்னும் மூன்று காகிதங்கள் கேளுங்கள். தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் (பாக்கி இல்லை என்ற சான்று), தேதி முடியாததாக. மூன்றாமவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. தொழில்சார் உடல்நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் 37(2) பிரிவின்படி ஓர் ஒப்பந்தம். அவருடைய ஆட்களின் பாதுகாப்புக்கு அவரே பொறுப்பு என்று நீங்கள் இருவரும் கையெழுத்திடுவது. கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் இந்த ஒரு பக்கத்தைத்தான் முதலில் கேட்பார்கள். உயரத்தில் வேலை என்பதால் விழாமல் தடுக்கும் திட்டமும், இந்தக் காகிதங்களை வைக்கும் பாதுகாப்புக் கோப்பில் இருக்க வேண்டும். வளாக நிர்வாகம் கோப்பைப் பார்க்காமல் கூரைச் சாவியைத் தராது.

5. விலைப்புள்ளியை வாசிக்கும் விதம்

மூன்று பேரிடம் கேட்டோம். மிகக் குறைந்த விலை சொன்னவரின் தாளில், கீழே பொடி எழுத்தில், வாட் வரி சேர்க்கப்படவில்லை என்று இருந்தது. 15 சதவீதம். அதைச் சேர்த்ததும் அவர் மூவரில் நடுவில் வந்துவிட்டார்.

யூனிட்டுக்கு 100 ரேண்ட் கொடுத்தோம் என்றால், அதைக் கூரையில் ஏற்றி ஓட வைக்க எங்களுக்கு இன்னொரு 80 ரேண்ட் ஆயிற்று. விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பது முதல் 100 மட்டும். மிச்சம் எங்கே போகிறது? முதலில் செம்புக் குழாய். பலர் 3 அல்லது 5 மீட்டர் வரை இலவசம் என்று சொல்லி, அதற்கு மேல் மீட்டருக்கு இவ்வளவு என்பார்கள். கூரையிலிருந்து கடைக்குக் குழாய் நேர்கோட்டில் வராது. அளந்தால் எங்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 22 மீட்டர். பிறகு கூடுதல் கேஸ், கேபிள், ஐசோலேட்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), இரும்புச் சட்டம், கிரேன், இன்ஜினியர் கடிதம், துளை அடைப்பு, சான்றிதழ்கள். இவை ஒவ்வொன்றும் தாளில் தனி வரியாக இல்லை என்றால் பிறகு தனி பில்லாக வரும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஆர்-22 யூனிட்டை வாங்காதீர்கள். அந்த கேஸ் உலகெங்கும் கைவிடப்பட்டு வருகிறது. நாளை நிரப்பத் தேடி அலைய வேண்டும். இப்போது வருபவை பெரும்பாலும் ஆர்-410ஏ அல்லது ஆர்-32. புவியைச் சூடேற்றும் அளவு, கார்பன் டை ஆக்சைடுக்கு 1 என்றால், முதலாவதற்கு 2,088, இரண்டாவதற்கு 675. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்குரிய கருவிகளும் பழக்கமும் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். பழைய குழாயையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், உள்ளே தங்கியிருக்கும் பழைய எண்ணெயை என்ன செய்வீர்கள், இந்தத் தடிமன் புதிய கேஸின் அழுத்தத்தைத் தாங்குமா என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். யூனிட் வந்து இறங்கும்போது ஒரு பங்கு, அழுத்தச் சோதனையை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு ஒரு பங்கு, கடைசிப் பத்து சதவீதம் சான்றிதழ்கள் கைக்கு வந்த பிறகு. கடைசிப் பங்கைக் கையில் வைத்திருக்காதவர்கள் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

6. எந்த மாதம்?

மே முதல் ஆகஸ்ட் வரை. டர்பனில் அது மழை குறைந்த காலம், ஏ.சி. ஆட்களும் ஓய்வாக இருப்பார்கள். நவம்பர் வந்துவிட்டால் அவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். டிசம்பர் நடுவில் கட்டடத் தொழில் மொத்தமாக விடுமுறைக்குப் போய் ஜனவரி இரண்டாம் வாரம்தான் திரும்பும். தீபாவளிக்குக் கடை குளிர வேண்டும் என்றால் ஜூனில் கடிதம் எழுதத் தொடங்குங்கள்.

7. ஏற்றும் நாள்

கிரேனுக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கு உண்டு; அது அவர்கள் கொட்டகையிலிருந்து புறப்பட்டது முதல் திரும்பிச் சேரும் வரை ஓடும். எனவே கிரேன் வரும் முன் சட்டம் கூரையில் பொருத்தி, மட்டம் பார்த்து, ரப்பர் பேட் போட்டுத் தயாராக இருக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் கிரேன்காரர் தூக்க மறுப்பார். வாதாடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு வசதியாக இருந்தது: வாகன நிறுத்துமிடம் காலி. யூனிட்டைச் சாய்த்துப் படுக்கப்போட்டு ஏற்ற வேண்டாம். நிமிர்ந்தபடியே போக வேண்டும்.

8. குழாய், நைட்ரஜன், வாக்குவம்

வேலை நல்ல வேலையா என்பது இங்கே முடிவாகிறது. முடிந்த பிறகு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நடக்கும்போது கூட நில்லுங்கள்.

குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே மெல்லிய நைட்ரஜன் ஓட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாயின் உள்சுவரில் கருப்புச் செதில் படிந்து, பிறகு உதிர்ந்து, வால்வுகளில் போய் அடைக்கும். குழாயை இணைக்கும் பிளேர் நட்டை, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முறுக்கச் சொல்லுங்கள்; எங்கள் கையேட்டில் 3/8 அங்குலக் குழாய்க்கு 34 முதல் 42 நியூட்டன் மீட்டர், 5/8 அங்குலத்துக்கு 68 முதல் 82. கை பலத்தில் முறுக்கினால் ஒன்று கசியும், அல்லது விரிசல் விட்டுக் கசியும்.

பிறகு அழுத்தச் சோதனை. உலர்ந்த நைட்ரஜன் மட்டும். ஆக்சிஜனை அடிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். எங்கள் கையேடு சொன்ன 41.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏற்றி, ஓர் இரவு விட்டோம். மறுநாள் காலை அழுத்தமானியின் முள் ஒரு பாருக்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேலைக்கு வந்தவர் டர்பனின் மெரெபேங்கில் பிறந்து வளர்ந்த பெரியவர். அவருக்குத் தெரிந்த தமிழ் "தம்பி", "பொறு", "சாமி" என்ற அளவோடு சரி, மீதியெல்லாம் ஆங்கிலம். ஒரு காகிதத்தை எடுத்து, நேற்று மாலை 24 டிகிரி, இன்று காலை 16 டிகிரி என்று எழுதிக் கணக்குப் போட்டார். குளிர்ந்ததால் மட்டுமே 1.1 பார் இறங்க வேண்டும், இறங்கியதும் அவ்வளவுதான். "பொறு, தம்பி," என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார். வெப்பநிலையை இரண்டு நாளும் குறித்து வையுங்கள். குறிக்காமல் முள்ளை மட்டும் பார்த்தால், கசிவில்லாத குழாயைச் சந்தேகிப்பீர்கள். கசியும் குழாயை நம்பிவிடுவீர்கள்.

அடுத்து வாக்குவம்: குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பது. இதற்கு முன் வேறொருவர், சிறிது கேஸைத் திறந்து விட்டுக் காற்றை வெளியே தள்ளினால் போதும், அரை மணியில் முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெய் அமிலமாகி, கம்ப்ரசரைத் தின்றுவிடும். பெரியவர் பம்ப்பைப் போட்டு, உள்ளே மிஞ்சியிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கையடக்க மைக்ரான் மீட்டரை மாட்டிவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்தார். இரண்டாயிரம், ஆயிரத்து நூறு, எழுநூறு என்று இறங்கி 420-இல் நின்றது. 500-க்குக் கீழ் என்பதுதான் இலக்கு. உடனே முடித்துவிடவில்லை. பம்ப்பை அடைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். எண் 480 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. 500-ஐத் தாண்டி ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. எங்களுடையது தேறியது. அந்த எண்ணைப் போனில் படம் எடுத்தேன். உத்தரவாதக் கோப்பில் அது இன்றும் இருக்கிறது.

குழாய் நீளத்துக்கு ஏற்பக் கூடுதல் கேஸ் எத்தனை கிராம் என்று கையேட்டில் அட்டவணை இருக்கும். தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். தொட்டுப் பார்த்து, குளிர்கிறது, போதும் என்பவர் உங்கள் கடைக்கு வேண்டாம். ஏற்றிய அளவையும் தேதியையும் யூனிட்டின் உள்மூடியில் எழுதச் சொல்லுங்கள்.

வெளியே வரும் குழாயின் பஞ்சு உறைக்கு மேல் தகர உறை போடுங்கள். வெயில் ஒரு காரணம். இன்னொரு காரணம் குரங்கு. சாட்ஸ்வொர்த்தில் நண்பர் ஒருவரின் கடையில் கூரைக் குரங்குகள் பஞ்சை முழம் முழமாக உரித்து விளையாடியிருந்தன. குழாய் வியர்த்து, கீழே மாவு மூட்டை நனைந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

9. கரண்ட் கொடுக்கும் முன், கொடுத்த பின்

ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி பிரேக்கர், யூனிட்டைப் பார்த்தபடி எட்டும் தூரத்தில் பூட்டக்கூடிய ஐசோலேட்டர், மழை புகாத வகை. மும்முனையில் முனைகளின் வரிசை மாறினால் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றி வினோதமாக அலறும். முனை காக்கும் ரிலே ஒன்று போட்டுவிடுங்கள். மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும் நேரத்தில் ஒரு முனை மட்டும் வராமல் போனாலும் அது காப்பாற்றும். கம்ப்ரசரின் அடியில் எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள மாடல் என்றால், ஓட்டுவதற்கு முந்தைய மாலையே கரண்ட் கொடுத்து வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு சான்றிதழ்கள். சான்ஸ் 10142-1 என்ற தென்னாப்பிரிக்கத் தரத்தின்படி மின்சாரத்துக்கான சி.ஓ.சி. (வேலை விதிப்படி நடந்தது என்ற சான்றிதழ்); பழைய சி.ஓ.சி. கடையில் இருந்தாலும் புதிதாகச் சேர்த்த பகுதிக்குத் தனியாக வேண்டும். கேஸ் பக்கத்துக்கு, அழுத்தக் கருவிகள் விதிகளின் கீழ், சான்ஸ் 10147-ஐக் குறிப்பிட்டு ஒன்று. சி.ஓ.சி.யோடு சோதனை அறிக்கையும் இணைந்திருக்க வேண்டும். ஒற்றைத் தாளை மட்டும் நீட்டினால் வாங்காதீர்கள். நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கட்டட உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். தீ விபத்துக்கு இழப்பீடு கேட்டுப் போகும்போது அவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

10. கூண்டு போடுகிறீர்களா, மறுபடி மூன்றாம் படியைப் படியுங்கள்

செம்பு இங்கே திருடு போகும். நாங்களும் பயந்து, ஒரு வெல்டரைப் பிடித்து, நான்கு யூனிட்டுக்கும் நெருக்கமான கம்பிவலையில் கூண்டு அடித்தோம். பூட்டு பெரியது, மனசுக்கு நிம்மதி. ஜனவரிக் கோடை வந்தது. மூன்று மணிக்குமேல் ஒவ்வொன்றாக நின்றன. கேஸ் குறைவு என்றார் ஒருவர், போர்டு போய்விட்டது என்றார் இன்னொருவர். பெரியவரை அழைத்தோம். கேஜை மாட்டி அழுத்தத்தைப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் சாவியை வாங்கிக் கூண்டின் முன்கதவைத் திறந்தார். முள் என் கண்ணெதிரே இறங்கியது. கதவைச் சாத்தினார், ஏறியது. மறுபடி திறந்தார்.

இப்போது விசிறிக்கு எதிரே வலை இல்லை, கையளவு இடைவெளியில் தடித்த கம்பிகள் மட்டும். முன்புறமும் பின்புறமும் கையேடு சொல்லும் தூரம் தாண்டித்தான் கூண்டு நிற்கிறது. குழாய்கள் தகர உறைக்குள் மறைந்து போகின்றன. சட்டத்தோடு இணைக்கும் நட்டுகளைக் கழற்ற முடியாத வகையாக மாற்றினோம்.

11. மாதம் ஒருமுறை

உப்பு படிந்த காயிலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஐசோலேட்டரை அணைத்துப் பூட்டிவிட்டு, சாதாரணக் குழாயின் மெதுவான நீரால், தகடுகள் மடங்காமல் நேராக. கார் கழுவும் வேகமான பம்ப் வேண்டாம். தகடுகள் படுத்துவிட்டால் காற்று போகாது. மழை கழுவிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மழை படாத பின்பக்கத்தில்தான் உப்பு அதிகம். வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில், ஆள் வைத்து முழுச் சர்வீஸ். உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் அதன் ரசீதும் தேவை.

கூரைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இழுத்துக்கொள்கிறோம் என்பதையும் முதல் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதவில்லை. மைத்துனர் இன்னும் வாளியோடுதான் ஏறுகிறார்.